இடது ஓரத்தில் இரண்டு பேர்

ஊழியத்திலிருந்து திரும்பி வந்த மறுநாள் அம்மா என்னைத் தேங்காய்ப்பால் வாங்கிவரச் சொன்னார். கடை எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில்தான் இருக்கிறது, நடந்தால் மூன்று நிமிடம். செருப்பை மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போனேன். அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "யாருக்குய்யா நிக்கிற?" என்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. யாரோ வந்தால்தான் கிளம்ப முடியும் என்பது போல நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

எங்கள் கிறிஸ்தவ சபைக்காரர்களை வெளியில் மோர்மன் என்பார்கள். எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான் சபைக்குப் போகிறவர்கள். அப்பா கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் ஷிப்ட் வேலை பார்க்கிறார், முருகன் படத்துக்கு விளக்கு வைக்காமல் வேலைக்குக் கிளம்பமாட்டார். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அக்கா எங்களைக் கொஞ்சம் சந்தேகமாகவே பார்ப்பார். அப்பா வழிச் சொந்தக்காரர்கள் அந்த அக்காவையும் எங்களையும் ஒன்றாகச் சேர்த்து 'வேதக்காரங்க' என்று முடித்துவிடுவார்கள். விளக்கிச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம், இப்போதெல்லாம் விட்டுவிட்டேன்.

எங்கள் சபையில் வாலிபர்கள் இரண்டு வருடம் ஊழியத்துக்குப் போவது வழக்கம். எங்கே போக வேண்டும் என்று சபையே கடிதத்தில் சொல்லும். எனக்குப் பிலிப்பைன்ஸில் ஒரு தீவு கிடைத்தது. வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை. வெயிலில் நாளெல்லாம் நடை. இதெல்லாம் பழகிவிட்டது. பழகவே பழகாது என்று நான் நினைத்தது வேறு ஒன்று. ஊழியக்காரன் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பேர். குளிக்கப் போகும் நேரம் தவிர, துணைவன் என் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், நானும் அவனுக்கு அப்படியே. சில மாதங்களுக்கு ஒருமுறை துணைவன் மாறுவான், விதி மாறாது. எனக்கு மொத்தம் எட்டுத் துணைவர்கள். அதில் ஒருவன் சோறு தின்னும்போதும் பாடுவான். அவனோடு நான்கு மாதம் இருந்துவிட்டு இன்னும் புத்தி சரியாக இருக்கிறது என்றால் அது கடவுள் செயல்தான்.

போவதற்கு முன்பு நான் சுங்கை பட்டாணியில் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரிக் காற்பந்துக் குழுவில் லெஃப்ட் அவுட், முன்வரிசையில் இடது ஓரத்து ஆள். இடது கோட்டோரம் என்னுடையது. அப்பாவும் ஒரு காலத்தில் பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டக் குழுவுக்கு லெஃப்ட் அவுட் ஆடியவர். பந்தை உதைப்பதற்கு முன்பே அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது நிற்பதைத்தான். "லெஃப்ட் அவுட்டுனா தனியா நிக்கணும். பந்து வந்தாலும் நிக்கணும், வராட்டியும் நிக்கணும். பந்து பின்னால ஓடுறவனுக்கு அந்த எடம் கெடையாது" என்பார்.

எனக்குப் பின்னால் லெஃப்ட் பேக் ஆடியவன் என் நண்பன், எனக்கு ஒரு வருடம் இளையவன். நான் விமானம் ஏறும் முன்பு கடைசிப் பயிற்சி முடிந்ததும் அவனிடம், "எடத்தப் பாத்துக்கடா" என்றேன். "பாத்துக்கிறேன் லா. வந்து எடுத்துக்க" என்றான். கோச் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், உணர்ச்சியை அதிகம் செலவழிக்கமாட்டார். "ரெண்டு வருசமா? வா தம்பி, பாப்போம்" என்றதோடு சரி.

நான் இல்லாத இரண்டு வருடமும் நண்பன் என் இடத்தில் ஆடினான். சும்மா ஆடவில்லை, குழுவிலேயே அதிகமாகக் கோல் அடித்தவன் அவன்தான். திரும்பி வந்து இதைக் கேட்டபோது வாயெல்லாம் பல்லாகச் சிரித்தேன், வயிறு மட்டும் எரிந்தது. ஊழியம் செய்துவிட்டு வந்தவனுக்கு வயிறு எரியக் கூடாது என்று அன்றைக்கே ஜெபம் பண்ணினேன். எரிச்சல் அடங்கிய மாதிரி தெரியவில்லை.

விட்ட பாடங்களை முடிக்க மறுபடியும் கல்லூரியில் சேர்ந்தேன். லீக்கில் எங்களுக்கு இன்னும் மூன்று ஆட்டங்கள் பாக்கி. எங்கள் கெடா மாநிலத்தில் விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் ஆட்டமெல்லாம் சனிக்கிழமை, சபைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்க வேண்டிய வம்பு எனக்கு வரவில்லை. முதல் நாளே கோச் நண்பனைப் பழையபடி லெஃப்ட் பேக்குக்கு அனுப்பிவிட்டு என்னை லெஃப்ட் அவுட்டில் நிறுத்தினார். நண்பன் என் முதுகில் தட்டி, "எடுத்துக்க" என்றான். அவன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்க விருப்பமில்லை என்பதுதான் உண்மை.

கால் கனத்துப்போயிருக்கும், மூச்சு வாங்கும் என்றெல்லாம் எதிர்பார்த்துத்தான் போனேன். நடந்து நடந்து கால் உரமேறியிருந்தது, மூச்சும் இருந்தது. ஆனால் பந்து மட்டும் எனக்கு வரவே இல்லை. முன்னால் வெட்டவெளியில் விழுகிறது, அங்கே நான் இல்லை. கோச் தொண்டை கிழியக் கத்தினார், "மேல போ தம்பி, மேல போ." நான் மேலேதான் இருக்கிறேன் என்று சத்தியம் பண்ணியிருப்பேன். நான்கு நாள் கழித்து அவர் திடலோரத்து ஸ்டோர் கூரைமேல் ஏறித் தன் கைப்பேசியில் எங்கள் பயிற்சியை எடுத்து வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினார். 

திரையில் நாங்கள் எல்லாரும் எறும்பு அளவுக்குத் தெரிந்தோம். இடது ஓரத்தில் இரண்டு எறும்புகள் ஒன்றாக இருந்தன. நண்பன் முன்னால் வந்தால் நானும் வருகிறேன். அவன் பின்னால் இறங்கினால் நானும் இறங்குகிறேன். பத்தடி தூரத்துக்கு மேல் நான் அவனை விட்டு விலகவே இல்லை. இடைவேளையில் அவன் தண்ணீர் குடிக்கப் போகிறான், நானும் போகிறேன், எனக்குத் தாகமே இல்லை. பிறகு அவன் கழிவறைப் பக்கம் போகிறான். கதவுக்கு வெளியே கைகட்டி நிற்பது யார் என்று உற்றுப் பார்த்தால், அதுவும் நான்தான்.

"இது என்னா?" என்றார் கோச்.

"தெரியல கோச்."

"லெஃப்ட் பேக்குக்கு நான் ரெண்டு பேரப் போடலயே தம்பி."

விஷயம் எப்படியோ குழுவுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு 'பாடிகார்ட்' என்று பெயர் வைத்தார்கள். நண்பன் கையைத் தூக்கினால்கூட, "பாடிகார்ட், அவனுக்கு அரிக்குதாம், சொறிஞ்சிவிடு" என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் சிரிப்பு இல்லை. நான் நினைத்து ஒன்றைச் செய்தால் அதை நிறுத்திவிடலாம். என் கால்கள் என்னைக் கேட்காமல் போய் நிற்கும்போது யாரிடம் போய் முறையிடுவது? பத்து நிமிடம் நினைவாக மேலே நிற்பேன், அப்புறம் ஆட்டத்தில் மனம் போய்விடும், திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நண்பன் இருப்பான்.

கோச் தவணை கொடுத்தார். அடுத்த ஆட்டத்தில் நான் வெளியே உட்கார வேண்டும். அதற்கு அடுத்தது எங்கள் திடலில், அலோர் ஸ்டார் கல்லூரியோடு. அதில் எனக்கு லெஃப்ட் அவுட். "அதுல மேல நின்னு காட்டு. இல்லாட்டி எடம் அவனுக்கு. கடைசி ஆட்டத்துக்கு நான் யோசிக்க முடியாது" என்றார். அது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் கோபப்படவும் வழியில்லை.

என்னைக் குணப்படுத்தும் வேலையை நண்பன் எடுத்துக்கொண்டான். நான் தேறினால் அவனுக்குத்தான் நஷ்டம், அவன் ஏன் இதைச் செய்தான் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மோட்டார் சைக்கிளில் என்னைத் தஞ்சோங் டாவாய்க்குக் கூட்டிப்போனான். மெர்போக் ஆறு கடலில் விழும் இடம், படகுத்துறை முழுக்கக் கருவாட்டு வாசனை. அங்கிருந்து அக்கரைக்குப் படகு ஓடும். "நான் அந்தப் பக்கம் போறேன். ரெண்டு மணி நேரம் கழிச்சி வர்றேன். நீ இங்க தனியா இரு. யார்கிட்டயும் ஒட்டாத. சும்மா இரு லா, அவ்ளோதான்" என்றான். படகில் ஏறி உட்கார்ந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான்.

முதல் பத்து நிமிடம் படகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஏதாவது குடிக்கலாம் என்று ஒரு கடைக்குப் போனேன். என்ன வேண்டும் என்று கேட்டபோது பதில் வரவில்லை. இரண்டு வருடமாக "உனக்கு என்ன?" என்று பக்கத்தில் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் எதையும் வாங்கியிருக்கிறேன். ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தேன். துறைக்கும் கடைக்கும் நடுவில் நான்கு தடவை நடந்தேன். பட்டப்பகல், சுற்றிலும் ஆட்கள், என்ன பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மலாய் அம்மாள் என்னைப் பார்த்து, "ஹங் துங்கு சாப்பா?" என்றார். நீ யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று அம்மா கேட்ட அதே கேள்வி, இந்த முறை கெடா மலாயில். யாருக்காகவும் இல்லை என்று சொன்னேன்.

நண்பன் படகிலிருந்து இறங்கி வந்தபோது நான் அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நெத்திலிகளைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய மருமகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருப்பது வரைக்கும் எனக்குத் தெரிந்திருந்தது. நண்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். 

"தனியா இருக்கச் சொன்னா ஊர்க்கதையெல்லாம் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்க. ஒனக்கு என்னாடா ஆச்சி?"

"பழக்கம்டா. போய்டும்."

"பழக்கமா, பயமா?"

திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வியையே போட்டுக் குழப்பிக்கொண்டேன். பழக்கம் என்றால் விட்டுவிடலாம். பயம் என்றால் அதற்கு ஜெபம் இருக்கிறது. இரண்டும் இல்லாமல், இது எனக்குள் நல்லதாக ஏதோ முளைத்ததன் அடையாளமாக இருந்துவிட்டால் என்ன செய்வது? ஊழியத்தில் ஒரு துணைவனுக்கு டெங்கி வந்தபோது மூன்று நாள் நான் அவன் கட்டிலருகை விட்டு எழுந்திருக்கவில்லை. அதற்கு முன்பு யாருக்காகவும் நான் அப்படி உட்கார்ந்தது கிடையாது, பெற்ற தாய்க்கும் கிடையாது. அந்த மூன்று நாளை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டு லெஃப்ட் அவுட்டை மட்டும் திருப்பிக் கொடு என்று கேட்க முடியுமா? கேட்க வேண்டுமா? மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்ததில் தலை வலித்தது.

அலோர் ஸ்டார் ஆட்டத்துக்கு அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். கோட்டோரத்தில், நான் நிற்க வேண்டிய இடத்துக்கு நேராகத் தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். "இங்க வந்து நில்லு. எனக்குப் பக்கத்துல நிக்கிறதா நெனச்சிக்க" என்றார். அவருக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அது உதவியது.

அதைவிட அதிகம் உதவியது இன்னொருவன். அலோர் ஸ்டார் குழுவின் ரைட் பேக், ஒல்லியான ஒரு மலாய்ப் பையன், அவர்களுடைய தாக்குதலுக்கே அச்சாணி. பந்து கிடைத்ததும் கோட்டோரமாகவே மேலே ஏறிவிடுவான். அன்றைக்கு அவனால் ஏற முடியவில்லை. ஏனென்றால் அவன் போகும் இடமெல்லாம் நான் போனேன். இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. என் கால்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும், நண்பன் தூரத்தில் இருந்தான், இவன் கிட்டத்தில் இருந்தான். பாதி ஆட்டத்துக்குள் அவன் அலோர் ஸ்டாரில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பேரோடு இருப்பதும், அவனுக்கு அடுத்த வாரம் தேர்வு என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. பந்து வெளியே போன நேரத்தில் என் தண்ணீர் பாட்டிலை அவனுக்குக் கொடுத்தேன். அவன் என்னைப் பைத்தியம் போலப் பார்த்தான், ஆனாலும் வாங்கிக் குடித்தான்.

இடைவேளையில் கோச் என்னைத் தட்டிக்கொடுத்தார். "அவன நல்லாப் பூட்டி வச்சிருக்க. இப்பிடியே மேல நில்லு. ஒரு பந்து வரும், ஒண்ணே ஒண்ணு, அதுக்கு ஓடு. போதும்." நண்பனும் தலையாட்டினான். எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். எப்படிக் கிடைத்தது என்று யோசிக்கத் துணியவில்லை.

இரண்டாம் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். ஆட்டம் முடியப் பத்து நிமிடம்கூட இல்லாத நேரத்தில் அந்தப் பந்து வந்தது. நண்பன் எங்கள் பக்கத்திலிருந்து இடது ஓரமாக நீளமாக அடித்தான். எனக்காகவே அடித்த பந்து. ரைட் பேக் அதைத் துரத்தத் திரும்பினான், திரும்பிய வேகத்தில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டு அப்படியே விழுந்தான். என் முன்னால் யாருமே இல்லை. பந்தும், கொஞ்சம் புல்லும், அதற்கு அப்பால் கோல் கீப்பரும். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, "ஓடு" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனாலும் எனக்குக் கேட்டது.

இரண்டடி ஓடினேன். பின்னால் அவன் முனகுவது கேட்டது. அதற்கப்புறம் நடந்ததை நான் முடிவு செய்தேன் என்று சொல்ல மாட்டேன். நான் முழங்காலிட்டிருந்தேன். அவன் காலைத் தூக்கி நீட்டி, பாதத்தை முகத்துப் பக்கமாக மடக்கி அழுத்திக்கொண்டிருந்தேன். "ஸிக்கிட் லாகி, ஸிக்கிட் லாகி," இன்னும் கொஞ்சம்தான் என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பந்து தன்பாட்டுக்கு உருண்டுபோய் வெளிக்கோட்டைத் தாண்டியது. வலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தவன் அதைத் திறந்து பந்து போன பக்கம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அவனுக்கும் புரியவில்லை.

அந்த ஒரு கோலில் தோற்றோம். கோச் கத்துவார் என்று தயாராக நின்றேன். அவர் கத்தவில்லை. என்னை மட்டும் ஸ்டோர் பக்கம் கூப்பிட்டு, "ஏன் நின்ன தம்பி?" என்றார்.

"அவனுக்குக் கால் புடிச்சிக்கிச்சி கோச்."

"அவன் நம்ம ஆளு இல்லியே."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டு பந்துகளைப் பைக்குள் போட ஆரம்பித்தார். அப்பா வண்டியில் காத்திருந்தார். வீடு வந்து சேரும் வரை அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நண்பன்தான் பேசினான், இரண்டு நாள் கழித்து, கல்லூரி காண்டீனில். என் எதிரில் வந்து உட்கார்ந்தான். அவன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, அன்றும் குரலை உயர்த்தவில்லை. 

"நீ எடத்தப் பாத்துக்கன்ன. பாத்துக்கிட்டேன். வந்த, திருப்பிக் குடுத்தேன். ரெண்டு வருசம் நான் அடிச்ச கோல் எல்லாம் ஒங்கிட்ட காட்டணும்னுதான் அடிச்சேன்டா. அந்தப் பந்தும் ஒனக்குத்தான் அடிச்சேன். நீ யாரோ ஒருத்தன் கால அமுக்கிக்கிட்டு ஒக்காந்திருந்த."

"மன்னிச்சிக்கடா."

"மன்னிப்பு எதுக்கு? நீ எடுத்துக்கலயே, அதுதான்."

தஞ்சோங் டாவாய்க்கு அவன் என்னை ஏன் கூட்டிப்போனான் என்று அப்போதுதான் விளங்கியது. எட்டுத் துணைவர்களோடு இருந்துவிட்டு வந்தவன், ஒன்பதாவதாக ஒருவன் என் பக்கத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை. அதை அவனிடம் சொல்லும் முன்பே அவன் எழுந்து வகுப்புக்குப் போய்விட்டான்.

கடைசி ஆட்டத்துக்கான பெயர்களைக் கோச் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். லெஃப்ட் அவுட்டில் நண்பன். என் பெயர் மாற்று ஆட்டக்காரர்களில்கூட இல்லை. அந்தச் சனிக்கிழமை பார்வையாளர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். நண்பன் இடது கோட்டோரத்தில் நின்றான், சுற்றிலும் ஒருவரும் இல்லாமல், பந்து வராத நேரத்திலும் அசையாமல் நின்றான். வந்தபோது ஓடினான். இரண்டு கோல் அடித்தான். முழு மனதோடு கைதட்டினேன், பொறாமை அன்றைக்கு இல்லை. அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பந்து இன்னொருமுறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே தூரம், அதே காலி இடம், அடித்தவன் இதே நண்பன். பக்கத்தில் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு விழுகிறான். ஓடுவேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். நேர்மையாகக் கேட்டேன், பலமுறை கேட்டேன். நிற்பேன் என்றுதான் ஒவ்வொரு முறையும் பதில் வந்தது, நண்பனை மறுபடியும் கைவிட்டாவது நிற்பேன் என்று. எனக்குப் பயமாக இருந்தது.